ஆறு நாழி ஆங்கிலம்

1

எங்கள் சமையலறை மேசையின் ஒரு மூலையில் மட்டும் பாலிஷ் போய்விட்டது. என் வீட்டுக்காரர் தங்கராஜின் இடது கை விழுகிற இடம் அது. தேநீருக்குக் காத்திருக்கும்போது தட்டுவார், மழையைப் பார்த்துக்கொண்டு தட்டுவார், சில நாள் எதற்கென்றே தெரியாமல் தட்டுவார். ஆறு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஆறு. இன்று காலை தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருடம்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், பாதி நாள் மேகத்துக்குள்ளேயே கிடக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பிறந்தது பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில், படித்தது திருவனந்தபுரத்தில், வாழ்க்கைப்பட்டது அங்கேயே சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த வீட்டில். எனக்கு இங்கே வேலை கிடைத்ததும், மண்டியை அண்ணனிடம் விட்டுவிட்டு இவர் என் பின்னால் வந்தார். நர்ஸைக் கட்டிய ஆண்கள் பலருக்கும் இதுதான் கதை. இங்கே ஒரு பெரிய கடையின் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. சரக்கு சரக்குதானே, எந்த நாடானால் என்ன என்று சொல்லிக்கொண்டு போய்வந்தார்.

மொழிதான் ரொம்ப நாள் படுத்தியது. ‘கிராண்ட்’ என்றால் நமக்குப் பந்தல், வாழைமரம், பாண்டு வாத்தியம் எல்லாம் இருக்க வேண்டும். இங்கே இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் கிழவர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘கிராண்ட்’ என்பார். வலி இல்லையாக்கும் என்று முதல் வாரம் நான் மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். மேற்பார்வை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் ‘சமாளித்துக்கொள்கிறேன்’ என்றுதான் அர்த்தம் என்று விளக்கினாள்.

2

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் நான் பெரும்பாலும் இங்கே இருப்பதில்லை. கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம். அதற்குள் எதை வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் திருவனந்தபுரத்துப் பழவங்காடியை வைப்பேன். பிள்ளையார் கோவில் முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் கேட்கும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு அந்த வழியாகத்தான் நடப்போம். சிதறிய தேங்காய்த் தண்ணீர் செருப்பில் ஒட்டும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சாலைத் தெரு. கொத்தமல்லி மணம், சாக்கு மணம், புதுப் பித்தளையின் மணம். நனைந்த ஆட்டுமந்தை ஒன்று பஸ்ஸை நிறுத்தும்போது எனக்கு அது சரக்கு இறக்கும் லாரிக்காக நிற்கிற நெரிசல்தான். யாராவது இறங்குவதற்கு மணி அடித்தால் முழித்துக்கொள்வேன்.

அந்தத் தெருவில் இவரை நான் முதலில் பார்த்தது ஒரு குரலாகத்தான். பெண் பார்க்க, மாப்பிள்ளை இல்லாமல், அவர் வீட்டார் மட்டும் வந்துபோன பிறகு, நாங்கள் மாப்பிள்ளையின் கடையைப் பார்க்கப் போனோம். உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் பயறு அளந்துகொண்டிருந்தார். “லாபம்… ரெண்டு… மூணு… நாலு…”

அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லித் தொடங்கமாட்டார்கள். அளக்கிற படியை எங்கள் பக்கம் நாழி என்போம்; முதல் நாழி எப்போதும் லாபம்தான். இது உங்களில் பலருக்குப் புதிதல்ல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பின்னால் இது வேண்டியிருக்கும். எண்ணி முடித்ததும் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி வாங்குகிறவரின் பையில் போடுவார். அது கொசுறு. அதற்கு எண் கிடையாது. எண்ணிக்கை எப்படி லாபத்தில்தான் தொடங்குமோ அப்படி அந்தப் பிடியில்தான் முடியும். இப்போது மண்டியில் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. ஆனாலும் சாக்கு இறக்கும்போது எண்ணிக்கை அதே எண்ணிக்கைதான்.

கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் மனுஷர் எதையும் இப்படித்தான் எண்ணினார். ஏர்போர்ட்டில் எங்கள் பெட்டிகளை எண்ணினார்: “லாபம், ரெண்டு, மூணு.” பின்னால் நின்ற வெள்ளைக்காரர் இது என்ன பிரார்த்தனை என்று கேட்டார்.

3

இனி அந்த நீளமான வார்த்தைக்கு வருகிறேன்.

பெனிட்டா டப்ளினில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கானர் என்ற ஐரிஷ் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். எனக்கு அவனைக் கொஞ்சம் தெரியும், நல்ல பையன். இவர் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ‘செரி மக்ளே’ என்று மட்டும் சொன்னார். அவள் அதற்காக அவ்வளவு நேரம் காத்திருந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

“அப்பாக்கு இஷ்டமில்லம்மா. எனக்கு மனசிலாச்சு” என்றாள் என்னிடம். அவளுடைய தமிழ் இப்படித்தான். இங்கே சர்ச்சில் கூடுகிற பிள்ளைகள் எல்லாம் மலையாளி நர்ஸ்களின் பிள்ளைகள். தமிழை மறக்காமல் இருக்க அனுப்பினால் மலையாளத்தைக் கற்றுக்கொண்டு வந்தாள்.

அதற்குச் சில வாரம் கழித்து, என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். இங்கே விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து பேச வேண்டும், அது வழக்கம். அந்த அப்பா மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அதில் ‘அன்ஹெஸிடேடிங்லி’ என்று ஒரு சொல் இருந்தது. எந்தத் தயக்கமும் இல்லாமல் உன்னை எங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். வீடு வரும்வரை காரில் இவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டோம்.

அடுத்த முறை பெனிட்டா வந்தபோது, வேலை இடத்தில் யாரோ சொன்ன வார்த்தை என்று பொய் சொல்லி அவளிடமே உச்சரிப்புக் கேட்டார். அவள் மேசையில் தட்டிக் காண்பித்தாள்.

“அன், ஹெ, ஸி, டே, டிங், லி. ஆறு பீட் இருக்குப்பா. ரெண்டாவதுலதான் அழுத்தணும். எல்லாத்தையும் ஒரே கனத்துல சொல்லாதீங்க.”

“எல்லா நாழியும் ஒரே கனம்தான மக்ளே. ஒண்ணு கூடி ஒண்ணு கொறஞ்சா கடைக்கு ஆள் வருவானா?”

“இது கடை இல்லப்பா, இங்கிலீஷ்!”

“செரி. இதுக்குள்ள என்னெல்லாம் கெடக்கு? பிரிச்சுச் சொல்லு.”

சாக்கின் வாயைப் பிரித்துக் கைவிட்டுப் பார்க்காமல் இவர் எதையும் வாங்கியதில்லை. பெனிட்டா பொறுமையாகப் பிரித்தாள். முன்னால் நிற்கிற ‘அன்’ என்றால் இல்லை. ‘ஹெஸிடேட்’ என்றால் தயங்கு. ‘இங்’, ‘லி’ இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டவை.

“வாசல்லயே இல்லன்னு எழுதி வச்சிருக்கான். கொள்ளாம், நல்லாருக்கு!” என்றார். “நம்ம ஆளு மொதல்ல தயங்குவான். தயங்கித் தயங்கிக் கடைசீலயாக்கும் இல்லம்பான்.”

‘தயங்காமல்’ என்ற நம் சொல்லைத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அதில் தயக்கம் முதலில் வந்துவிடுகிறது, மறுப்பது பிறகுதான். இவரும் அந்த வரிசையில்தான் போனார் என்று நினைத்துக்கொண்டேன்; பெனிட்டா பாவம், தயக்கம் என்ற பாதிச் சொல்லை மட்டும் கேட்டவள்.

கடைசி ‘லி’யை இவர் விழுங்கிவிடுவார். “அதை சும்மா தொட்டாப் போதும்ப்பா. விடக் கூடாது” என்றாள் அவள்.

“அப்போ அது கொசுறு.”

அவள் போனபிறகு அந்தச் சொல் எதற்கென்று என்னிடம் சொன்னார். கல்யாணம் திருவனந்தபுரத்தில் என்று முடிவாகியிருந்தது. “எல்லாரும் இருக்கும்போ அந்தப் பையன்ட்ட இதைச் சொல்லுகேன் ரூபி. அவ மனசுல ஒரு கல்லு கெடக்கு. அதை எடுக்கணும். நீ முந்திச் சொல்லிராத, கேட்டியா?”

4

அந்த வசந்தத்தில் ஒரு காலை, சட்டைப் பொத்தானில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார். வாயிலிருந்து வந்தது சொல் இல்லை. வலது கை மெல்ல இறங்கியது. முப்பது வருட நர்ஸ் நான். பக்கவாதம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதே என்று இருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றானது. கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், சொல்ல வேண்டியதும் தெரியும், சொல்தான் கிடைக்காது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. பொன்முடி மலைப்பாதையில் மேகம் இறங்கும்போது முன்னால் போன ஜீப் திடீரென்று காணாமல் போகும், அதன் இரைச்சல் மட்டும் கேட்கும். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது.

பேச்சுப் பயிற்சிக்கு ஓர்லா என்ற பெண் வந்தாள். முதலில் அவர் நிலையைச் சோதிக்க வேண்டும், அதை அவருடைய தாய்மொழியில் செய்ய வேண்டும், ஆனால் குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. நான் அதே கட்டடத்தின் மேல்மாடியில் வேலை பார்க்கிறவள். என்னை விட்டுவிட்டு, எங்கோ இருக்கும் ஒரு பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பெண் செய்தி வாசிக்கிற தமிழில் கேட்டிருக்கிறாள்: “ஐயா, தயவுசெய்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள்.”

அறிக்கை வந்தபோது படித்தேன். நோயாளி எண்ணிக்கையை வேறொரு சொல்லில் தொடங்குகிறார். அந்தச் சொல்லுக்கு ‘வியாபார ஆதாயம்’ என்று அர்த்தம். மூன்று முறை கேட்டும் முதல் எண் வரவில்லை. மிக எளிய வரிசையும் சிதைந்திருப்பதால் தனிப் பயிற்சியால் பலன் குறைவு. வாரம் ஒருமுறை கூட்டு வகுப்பு போதும்.

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. இவர் பத்து வரை எண்ணியிருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர், முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம், ஒரு தவறும் இல்லாமல், மண்டியில் எண்ணுகிற மாதிரியே எண்ணியிருக்கிறார். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. அவள் அரிசியைப் பிளாஸ்டிக் பையில் மட்டுமே பார்த்தவளாக இருக்கும்.

5

ஓர்லாவிடம் போய் விளக்கினேன். அவள் வாதாடவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் அரிசியும் ஒரு காலிப் பாத்திரமும் ஒரு காப்பிக் கோப்பையும் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தாள். இவர் கொஞ்ச நேரம் அரிசியைப் பார்த்தார். இடது கையால் கோப்பையை நிரப்பி, மேற்பரப்பை விரலால் வழித்துச் சமப்படுத்தி, காலிப் பாத்திரத்தில் கொட்டினார். “லாபம்.” கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இருட்டான அந்தக் கடையிலிருந்து வந்த அதே குரல்.

அறிக்கை மாறியது. தனிப் பயிற்சி கிடைத்தது. எண்ணும் குரலோடு கை அசைவும் சேர்ந்து வருவதை ஓர்லா கவனித்தாள். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் ஒரு தட்டு. தட்டின் மேல் அசையை ஏற்றி வைக்க வேண்டும். “எந்தச் சொல்லில் தொடங்கலாம்?” என்று கேட்டாள். தண்ணீர், வலி, தேநீர் போன்ற சொற்களில் தொடங்குவார்களாம். நான் ‘அன்ஹெஸிடேடிங்லி’ என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆறு அசை. ரொம்ப நீளம்.”

“ஆறு நாழி இவருக்கு ஒரு பெரிய காரியமே இல்லை” என்றேன்.

ஒரு கட்டளையும் போட்டாள். அவர் பாதியில் நின்றால் யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். அது எனக்குத்தான் பெரிய தண்டனை. இவர் வாக்கியத்தை நான் முடித்துத்தான் எங்கள் குடும்பம் இத்தனை வருடம் ஓடியது.

தேநீர் வந்தது. ‘போதும்’ வந்தது. என் பெயர் வரவில்லை. இரண்டே எழுத்து, ரூபி, இன்றுவரை வரவில்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது, அந்தக் காட்டு நீளச் சொல் துண்டு துண்டாக வர ஆரம்பித்தபோது. அன். ஹெ. ஸி. டே. டிங். அங்கே வந்து நின்றுவிடும். ‘லி’ மட்டும் வரவே வராது. ஆறாவது தட்டு விழும்; அதன் மேல் வைக்க எதுவும் இருக்காது. முகம் சிவந்து, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்.

பெனிட்டா வாரம் தவறாமல் வந்தாள். தான் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்த சொல்லை வைத்து யாரோ பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “கல்யாணத்தைத் தள்ளி வைச்சிரலாமாம்மா? அப்பாக்கு அதுதான் சமாதானமா இருக்குமோ என்னவோ. இப்போ அவரால வேண்டாம்னு சொல்லக்கூட ஒக்காதே” என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாசல்படியில் இவர் நின்றுகொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி, கூடாது என்று ஆட்டினார்.

6

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது வெயில் தோளில் கைபோட்டு அழைத்துப்போனது. கானரின் அப்பாவும் அம்மாவும் முதல் நாளிலேயே இளநீருக்கு அடிமையானார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை சாலைக் கடைக்குப் போனோம். இவருடைய அண்ணன், செல்லையா அத்தான், தம்பியைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் லாரியிலிருந்து சாக்கு இறங்கிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தலையில் சாக்கோடு போக, கணக்கப்பிள்ளை “லாபம்” என்று தொடங்கினார். நான் இவரைப் பார்த்தேன். உதடு கூடவே போனது. லாரி காலியாகும்வரை விடவில்லை.

“எண்ணிக்கை தெற்றல்ல, ஒண்ணுகூட விடல்ல பாத்தியா” என்றார் அத்தான் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பின்னே என்ன, ஒக்கெ வரும், எல்லாப் பேச்சும் வரும். பைய வரும்.”

மறுநாள் சர்ச்சில் கல்யாணம், கரமனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. கேக் வெட்டியாயிற்று. மேடையில் மைக் பிடித்தவன், இவர் நிலை தெரியாமல், பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேசுவார் என்று மலையாளத்தில் அறிவித்துவிட்டான். மண்டபம் சங்கடத்தில் நெளிந்தது. அத்தான் அவசரமாக எழுந்தார், தம்பிக்குப் பதில் பேச. இவர் அவருடைய தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து கானர் நின்ற இடத்துக்குப் போனார். பெனிட்டா ஓடிவந்து மைக்கைப் பிடித்தாள். “அப்பா, வேண்டாம்ப்பா, சாரமில்ல, பரவாயில்ல” என்றாள். அது எல்லாருக்கும் கேட்டது.

கேக் மேசையில் இடது கை விழுந்தது.

“அன்.”

“ஹெ.”

இரண்டாவதில் அழுத்தினார், அவள் சொல்லிக்கொடுத்தபடி. பெனிட்டா தலை நிமிர்த்தினாள்.

“ஸி. டே. டிங்.”

ஆறாவது தட்டு விழுந்தது. மேலே ஒன்றும் இல்லை. சாலையிலிருந்து வந்திருந்த கடைக்காரர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் இருமக்கூட இல்லை. பெனிட்டா என்னைப் பார்த்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கற்றுக்கொடுத்த நாள், கேட்ட காரணம், எல்லாம். அவள் உதடு ‘லி’க்காகப் பிரிந்தது. கூடாது என்று தலையாட்டினேன். என் வாயையும் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். கர்த்தாவே, ஒரே ஒரு எழுத்து.

இவர் கையை மேசையிலிருந்து எடுத்தார். தோற்றுவிட்டார், இனி மடியில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். கை மடிக்குப் போகவில்லை. தாழ்ந்து, இல்லாத ஒரு சாக்குக்குள் போய், விரல்களை விரித்து அள்ளி, பிடியாக மூடி, கானருக்கு முன்னால் உயர்ந்தது.

எங்கள் ஊரில் பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று பெனிட்டா அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவன் ஒன்றும் புரியாமல், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினான். இவர் அதன் மேல் பிடியைத் திறந்தார்.

“லி.”

கடைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு கனைப்பு வந்தது, பிறகு கைதட்டல். பெனிட்டா மைக்கை மறந்துவிட்டு அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுத சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கானர் மட்டும் அசையாமல் நின்றான். பிறகு அந்தக் கைகளை எதுவும் சிந்திவிடாமல் மூடி, கோட்டுப் பைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.